இரண்டு புள்ளி ஆறு வினாடி

மனிதகுலத்தின் எல்லாத் துன்பங்களுக்கும் மூலகாரணம் காத்திருத்தல்தான் என்பதை செந்தூர்பாண்டி தன் இருபத்தாறாவது வயதில் கண்டுபிடித்தான். போர், பொறாமை, வயிற்றுப்புண், அரசியல் எல்லாம் அதன் கிளைகள். மனிதனைக் காத்திருப்பிலிருந்து விடுவிக்கிறவன், நெருப்பைக் கண்டுபிடித்தவனுக்குப் பக்கத்தில் உட்காரத் தகுந்தவன். இடம் போதாவிட்டால் நெருப்புக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார வேண்டியதுதான். இதை அவன் குலசை எனப்படும் குலசேகரப்பட்டினத்து அலுவலகக் கேன்டீனில், முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் சொன்னான். கேட்ட நான்கு பேரும் சிரிக்கவில்லை. அவர்கள் வடைக்காகக் காத்திருந்தார்கள்.

அது நிலாவுக்கு ஆள் போய்க்கொண்டிருந்த காலம். உடன்குடி, மணப்பாடு, பரமன்குறிச்சி என்று சுற்றுவட்டாரத்தில் தெருவுக்கு ஒருவராவது மேலே இருந்தார். இருநூற்று நாற்பது பேர், மூன்று வருட ஒப்பந்தம், சுரங்க வேலை. ஒவ்வொருவருக்கும் உடம்பை மூடும் ஒரு சட்டை. ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு எண். ஊரில் பெயர் மறைந்து எண் நிலைத்துவிட்டது. கடைத்தெருவில் "எழுபத்திரண்டோட மாமியா" என்றால் போதும், யாரென்று தெரிந்துவிடும்.

அந்தச் சட்டைகள் தினமும் ஏழு அளவுகளைக் காட்டும். காற்று, ஈரம், சூடு, நாடித்துடிப்பு, இப்படி. ஒப்பந்தம் முடிய முடியப் புதுப்பித்துக்கொண்டு மேலே பண்டகசாலை பார்த்த தங்கப்பழம் என்பவர் அவற்றைத் தன் பழைய டெஸ்க்டாப்பில் ஏற்றிவைப்பார். வியாழக்கிழமைதோறும் அந்த வாரத்துக் கணக்கு முழுவதும் குலசை அலுவலகத்து சர்வருக்கு வந்து சேர வேண்டும். ஆளுக்கு நாற்பத்தொன்பது வரி, மொத்தம் பதினோராயிரத்து எழுநூற்று அறுபது வரி. காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினால் மாலை ஐந்தரைக்கு முடியும்.

எட்டரை மணி நேரம். செந்தூர்பாண்டி வேலைக்குச் சேர்ந்த முதல் வியாழக்கிழமை இதைக் கேட்டபோது அவனுக்கு உடம்பு உண்மையிலேயே கூசியது.

இறக்குமதி அறை என்று பெயர் எழுதிய அந்த அறையில் பாக்கியசீலி அக்கா இருந்தார். ஐம்பது வயது, மூக்குக் கண்ணாடி, பக்கத்தில் சுக்குக் காப்பி பிளாஸ்க். திரையில் ஒவ்வொரு வரியாக வர, அவர் ஒவ்வொன்றையும் பார்த்து, உதடு மட்டும் அசைய எண்ணைச் சொல்லி, ஏற்றுக்கொள்ளும் பொத்தானைத் தட்டினார். எதிரே மூன்று பெஞ்சுகளில் மேலே போனவர்களின் வீட்டார். தங்கள் ஆளின் உடல்நிலையைப் பார்க்க அவர்களுக்கு ஒப்பந்தப்படி உரிமை உண்டு என்பதால் கம்பெனி அனுமதித்திருந்தது. முறுக்குத் தின்றுகொண்டு, குழந்தைக்குப் பேன் பார்த்துக்கொண்டு, தங்கள் எண் வரும்வரை உட்கார்ந்திருப்பார்கள். வந்ததும் எழுந்து திரைக்குப் பக்கத்தில் நிற்பார்கள். இரண்டு நிமிடம். பிறகு போய்விடுவார்கள்.

செந்தூர்பாண்டி அன்றைக்கே ஒரு தாள் எழுதி அறைக் கதவில் ஒட்டினான். 'அகில இந்தியக் காத்திருப்போர் சங்கம், குலசைக் கிளை. தகுதி: வேறு வேலை இல்லாமை. சந்தா: வாரம் ஒரு வியாழக்கிழமை.' பாக்கியசீலி அக்கா அதைப் படித்தார், கிழிக்கவில்லை. மறுவாரம் அதன் அடியில் பதினேழு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"ஏன் இவ்வளவு நேரம் ஆகுதுன்னு தெரியுமாக்கா?" என்று ஒருநாள் கேட்டான்.

"நிலா தூரத்துல இருக்குல்லா."

"அதில்ல. ஒரு வரி வந்து சேர ஒண்ணே முக்கா செகண்டுகூட இல்ல, ஒண்ணு புள்ளி மூணு. வந்துட்டுன்னு நாம சொல்லுத பதில் போக இன்னொரு ஒண்ணு புள்ளி மூணு. அந்தப் பதில் போய்ச் சேந்த பொறவுதான் அங்க அடுத்த வரிய எடுக்கு. ஒரு செங்கலக் கொண்டுபோய்க் குடுத்துட்டு, வாங்கிட்டியான்னு கேட்டு, திரும்ப நடந்துவந்து அடுத்த செங்கல எடுக்குத கொத்தனாரப் பாத்திருக்கியளா?"

"ஆயிரம் செங்கல லாரியில ஏத்தணும்னு சொல்லுத."

"அதத்தான் சொல்லுதேன்."

"சீக்கிரம் முடிஞ்சிட்டுன்னா என்ன செய்ய?"

"வீட்டுக்குப் போலாம்."

"வீடு எங்க ஓடிரப் போவுது தம்பி" என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த வரிக்குத் திரும்பிக்கொண்டார்.

ஒரே வாரத்தில் அவன் லாரியைக் கட்டினான். ஆயிரம் வரியை ஒரே கட்டாக அனுப்பு, ஆயிரத்துக்கும் சேர்த்து ஒரே பதில் போதும். பழைய முறையில் பதிலோடு 'குறிப்பு' என்று நாற்பது எழுத்துக்கு ஒரு கட்டம் போய்க்கொண்டிருந்தது. எந்தக் காலத்திலோ யாரோ, பிழை கண்டால் எழுதிவைக்கலாம் என்று சேர்த்தது. அலுவலகக் கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கட்டுக்கு ஒரு பதில் என்றானபின் அதற்கு இடமும் இல்லை. எடுத்துப் போட்டான்.

அடுத்த வியாழன் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிய இறக்குமதி, ஒன்பது மணி முப்பத்தோரு வினாடிக்கு முடிந்தது. மேலாளர் சபாபதி சென்னைக்குப் போன் போட்டு, இரண்டு முறை அந்த எண்ணைச் சொன்னார். செந்தூர்பாண்டியின் பெயர் பொறித்து ஒரு பித்தளைத் தகடு செய்ய உத்தரவானது. பெஞ்சுகளில் இருந்தவர்கள் முறுக்குப் பொட்டலத்தைக்கூடப் பிரிக்கவில்லை. நின்று பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பிறகு பாக்கியசீலி அக்காவைப் பார்த்தார்கள். அக்கா மேசைமேல் அடுக்கிவைத்திருந்த சின்னச் சின்னத் துண்டுச்சீட்டுகளை ஒரு ரப்பர் பேண்டில் சுற்றிப் பைக்குள் போட்டார்.

"நல்லா செஞ்சிருக்க தம்பி" என்றார். பாராட்டுகிற குரல்தான். ஆனால் செந்தூர்பாண்டிக்கு அன்று முழுவதும் அந்தக் குரல் காதில் தண்ணீர் புகுந்தது போல இருந்தது.

இறக்குமதிக்கு ஆள் தேவையில்லை என்பதால் அக்காவைச் சீருடைக் கிடங்குக்கு மாற்றினார்கள். பெஞ்சுகள் கேன்டீனுக்குப் போயின.

இரண்டாவது வியாழக்கிழமையும் முப்பத்தோரு வினாடிதான். மிச்சமிருந்த எட்டு மணி இருபத்தொன்பது நிமிடத்தை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. மனிதகுலத்தை விடுவித்தவன் அந்த அறையில் தனியாக உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்தான். கேன்டீனில் சொல்ல ஏதாவது வேடிக்கை கிடைக்கும் என்று, வந்து இறங்கிய வரிகளைப் புரட்ட ஆரம்பித்தான். மேலிருந்து வந்த வரிகளிலும் குறிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. அதை அவன் நீக்கியிருக்கவில்லை. இந்தப் பக்கத்துக் கட்டத்தை மட்டுமே நீக்கியிருந்தான்.

சட்டை 9, நாடித்துடிப்பு 74, குறிப்பு: பல்லு வலி போயிட்டு. சட்டை 31, ஈரம் சரி, குறிப்பு: ஆட்டுக்குட்டிக்கு என்ன பேரு வச்சிய. சட்டை 58, குறிப்பு: போன வாரம் ஒண்ணும் வரல. எல்லாரும் சொகம்னு எடுத்துக்கிடுதேன்.

செந்தூர்பாண்டி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். முதலில் சிரித்தான். நாற்பது எண்களைத் தாண்டியபோது சிரிப்பு நின்றுவிட்டது. சட்டை 116க்கு வந்ததும் முந்திய வாரத்துக் கணக்கையும் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டான். முந்திய வாரம் 116 எழுதியிருந்தது: 'இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்லுதாவ.' அடுத்த வரியில், 'மவ படிப்புக்கு ஆவும். இருக்கவா?' அதற்கடுத்து, 'வேண்டாம்னா சொல்லு.' இந்த வாரம் 116இல் நாற்பத்தெட்டு வரி காலி. ஒன்றில் மட்டும்: 'நீ ஒண்ணும் சொல்லல. கையெழுத்துப் போட்டுட்டேன்.'

கிடங்கில் பாக்கியசீலி அக்கா சட்டைப் பொத்தான்களை எண்ணிக்கொண்டிருந்தார். அவன் போய் நின்றான். நூற்றுப் பதினாறு என்று எண்ணை மட்டும் சொன்னான்.

அக்கா பொத்தான் டப்பாவை மூடினார். அவர் சொன்னதில் புதிதாக எதுவும் இல்லை; எல்லாம் அவனுக்கு முன்னாலேயே நடந்துகொண்டிருந்ததுதான். மேலே இருப்பவர்கள் வீட்டோடு பேச மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம். மற்ற நேரமெல்லாம் லைன் சுரங்க வேலைக்கு. பதினோரு வருடத்துக்கு முன் அக்கா ஒரு வரியில் தவறைக் குறித்து அனுப்பியபோது, தங்கப்பழம் அதே கட்டத்தில் 'நல்லது தங்கச்சி, ஊருல மழ உண்டா' என்று கேட்டிருக்கிறார். 'உண்டு' என்று அக்கா போட்டார். அப்படித் தொடங்கியது. வீட்டார் புதன்கிழமை சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அவரவர் எண் வரும்போது அக்கா அனுப்புவார். மேலே அவரவர் எண் வரும் நேரம் தெரிந்து, வேலைக்கு நடுவே பண்டகசாலைக்கு வந்து நிற்பார்கள். பதில் அடுத்த வரியில் வரும். கம்பெனிக்குத் தெரியாது.

"காலியா இருந்தா?" என்று கேட்டான்.

"எல்லா வாரமும் எல்லாருக்கும் எழுத விசயம் இருக்குமா? காலியா விட்டா வீட்டுல எல்லாரும் சொகம், நீ சொன்னதுக்குச் சம்மதம்னு ஒரு ஏற்பாடு. நூத்திப் பதினாறு கொம்பையாவுக்கு அந்த ஏற்பாடு தெரியும். மேல இருக்கச் சொல்லுவாவ போலன்னு அவன் முந்தின வாரமே எழுதிருந்தான். அவன் பொண்டாட்டி சுடர்க்கொடி அந்தப் புதன்கிழமையே வேண்டாம்னு எழுதிக் குடுத்தா. ஏங்கிட்ட சீட்டு இருக்கு."

"அன்னைக்கே எங்கிட்ட சொல்லிருக்கலாமேக்கா."

"சொன்னா நீ மேல சொல்லுவ. மேல தெரிஞ்சா மூடிருவானுவ. அதுக்கு, வெவரம் தெரியாம மூடுனவன் நீயாவே இருந்துட்டுப் போ" என்றார் அக்கா. அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

நிலாவிலிருந்து ஊர் திரும்பும் கப்பல் அடுத்த வெள்ளிக்கிழமை கிளம்புகிறது. அதற்கு முந்திய நாள், வியாழன், பிற்பகல் இரண்டு மணிக்கு இருக்கைப் பட்டியலை மூடுவார்கள். அதற்குள் கொம்பையா நேரில் போய்ச் சொன்னால் கையெழுத்தை ரத்துசெய்ய முடியும். சுடர்க்கொடிக்குப் பேசும் முறை அடுத்த மாதம்தான். மனு எழுதிக் கொடுத்தால் இருபது நாள் ஆகும்.

செந்தூர்பாண்டி தன் இடத்துக்குத் திரும்பி, மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினான். அவன் வாழ்க்கையில் எழுதிய முதல் முழுப் பொய் அது. தான் வடிவமைத்த வேக இறக்குமதியில் கடுமையான குறை ஒன்று இருப்பதாகவும், கட்டுகளுக்கு நடுவே அளவுகள் தவறிப்போக வாய்ப்புண்டு என்றும், உயிர்ப்பாதுகாப்பை உத்தேசித்து வரிக்கு வரி ஆள் பார்த்து ஏற்றுக்கொள்ளும் பழைய முறையே சிறந்தது என்றும், இந்தப் பிழைக்குத் தன் அவசரபுத்தியே பொறுப்பு என்றும் எழுதினான். கடைசி வாக்கியத்தில் மட்டும் பொய் இல்லை என்று எழுதும்போதே தோன்றியது.

சபாபதி அவனை நிற்க வைத்துப் பேசினார். சென்னைக்கு இரண்டு முறை சொன்ன எண்ணை இனி யார் திரும்ப வாங்குவது என்று கேட்டார். மூளை இருக்கிற பையன் என்று நினைத்திருந்ததாகச் சொன்னார். பித்தளைத் தகடு அதற்குள் செய்து வந்துவிட்டிருந்தது. அதை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாததால் கேன்டீன்காரர் வாங்கிப்போய், மாவுச் சட்டிமேல் மூடிவைத்தார். மாவு பொங்கினாலும் அசையாத கனம் அதற்கு இருந்தது.

மூன்றாவது வியாழக்கிழமை தசராவுக்கு நடுவே வந்தது. முத்தாரம்மனுக்கு வேண்டிக்கொண்டு வேஷம் கட்டியவர்கள் ஊர் முழுக்க நடந்துகொண்டிருந்தார்கள். பாக்கியசீலி அக்காவும் பெஞ்சுகளும் திரும்பி வந்த இறக்குமதி அறையில் ஒரு குரங்கு, இரண்டு போலீஸ்காரர், ஒரு குறத்தி, எட்டுக் கையோடு ஒரு காளி. காளி, கொம்பையாவின் அண்ணன். தம்பி நல்லபடியாகத் திரும்பினால் வேஷம் கட்டுவதாக வேண்டியிருந்தாராம். அவன் வரவில்லை என்று தெரிந்தபின்னும், விரதத்தைத் தொடங்கியாகிவிட்டது என்பதால் கட்டிவிட்டார். கைகள் இடிக்காமலிருக்க மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்து பெஞ்சில் சுடர்க்கொடி, மடியில் சாப்பாட்டுப் பாத்திரம்.

ஒன்பது மணிக்கு முதல் வரி வந்தது. நூற்றுப் பதினாறின் முதல் வரி எப்போது வரும் என்று செந்தூர்பாண்டி கணக்குப் போட்டான். ஒரு மணி நான்கு நிமிடம்.

"முதல் வரியிலயே சொல்லி அனுப்பலாமேக்கா. ஆள வரச்சொல்லி."

அக்கா முதல் வரியின் குறிப்பில், 116ஐ வரச் சொல்லுங்க என்று அடித்தார். இரண்டாவது வரியில் தங்கப்பழத்தின் பதில் வந்தது. 'ரெண்டு வாரமா ஒன்னக் காணமே தங்கச்சி. அவன் சுரங்கத்துல.' அடுத்த வரியில்: 'அவன் நேரத்துக்கு வருவான்.'

அவ்வளவுதான். இனி செய்வதற்கு எதுவும் இல்லை. மனிதகுலத்தை விடுவிக்க வந்தவன் நான்கு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தான். மூன்று எண்ணுக்கு ஒருமுறை யாராவது எழுந்து திரைப்பக்கம் போனார்கள். இரண்டு வாரத்து வாயடைப்பு எல்லாம் அன்றைக்கு நாற்பது நாற்பது எழுத்தாகக் கொட்டியது. ஆட்டுக்குட்டிக்கு சோணை என்று பெயர் வைத்தாயிற்று. ஐம்பத்தெட்டின் வீட்டில் யாரும் சுகமில்லை, எல்லாருக்கும் காய்ச்சல், இப்போது பரவாயில்லை. குறத்தி வேஷக்காரர் தன் மகனுக்கு எழுபத்திரண்டாம் எண்ணில் ஒரே ஒரு கேள்வி அனுப்பினார், சாப்பிட்டியா என்று. 'ம்' என்று பதில் வந்ததும், பாசிமாலையைச் சரிசெய்துகொண்டு நிம்மதியாக வெளியே போனார். பாக்கியசீலி அக்கா தன் கருப்பட்டி மிட்டாயில் ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டினார். அவன் வாங்கி வாயில் போட்டுக்கொண்டான். அது கரைய எண்பது வரி பிடித்தது.

ஒரு மணி நான்கு நிமிடம். சட்டை 116, காற்று சரி.

அக்கா சுடர்க்கொடியின் சீட்டை அனுப்பினார். அதில் ஏழு எழுத்துக்கு மேல் இல்லை. 'வேண்டாம். வாங்க.'

அடுத்த வரி வந்தது. ஈரம் சரி. குறிப்பு காலி. அதற்கடுத்தது, சூடு சரி, குறிப்பு காலி. காளி எழுந்து, தங்க நிறத்து நாக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு திரைக்குக் குனிந்தார். நாடித்துடிப்பு 81. காலி. பத்தாவது வரி காலி. இருபத்தைந்தாவது காலி. ஆள் வந்து நிற்கிறானா, கையெழுத்துப் போட்ட வருத்தத்தில் வராமலே இருந்துவிட்டானா, படித்தானா என்று எதுவும் தெரியவில்லை. இரண்டு புள்ளி ஆறு வினாடி எவ்வளவு நீளம் என்பது செந்தூர்பாண்டிக்கு அன்றுதான் தெரிந்தது. நாற்பத்தொன்பதாவது வரியும் காலியாக வந்து, திரை 117க்கு மாறியது.

சுடர்க்கொடி சாப்பாட்டுப் பாத்திரத்தின் மூடியை அழுத்தி மூடிக்கொண்டு எழுந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"பதிலே வரலியேம்மா" என்றான் செந்தூர்பாண்டி.

"காலியா விட்டா சம்மதம்னு அர்த்தம் சார். நீங்க சங்கத்துக்குப் புதுசு" என்றாள்.

அவள் வாசலைத் தாண்டுவதற்குள் 117இன் இரண்டாவது வரியில் தங்கப்பழம் எழுதியிருந்தார். '116 பட்டியல் ஆபீசுக்கு ஓடுதான். இங்க ஓடக் கூடாதுன்னு போர்டு இருக்கு.' பாக்கியசீலி அக்கா அதைப் படித்துக் காட்டவில்லை. ஏற்றுக்கொள்ளும் பொத்தானைத் தட்டிவிட்டு, உதடு அசைய அடுத்த வரிக்குப் போனார். காளி நாக்கை மாட்டிக்கொண்டு வீதிக்கு இறங்கினார்.

அதெல்லாம் முடிந்து இப்போது பத்தொன்பது வருடம். சுரங்கத்தை மூடிவிட்டார்கள். மேலே இருந்தவர்கள் எல்லோரும் கீழே வந்துவிட்டார்கள். கொம்பையா பரமன்குறிச்சியில் வாழைத்தோட்டம் வைத்திருக்கிறார். இன்னமும் யாராவது எதையாவது கேட்டால் பதில் சொல்லாமல் போவது வழக்கம் என்று சுடர்க்கொடி குறைபட்டுக்கொள்வாள். பாக்கியசீலி அக்கா ஓய்வுபெற்று நாசரேத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். குலசை அலுவலகத்தில் மிஞ்சிய மூன்று பேரில் செந்தூர்பாண்டிதான் மூத்தவன்.

போன மாதம், தங்கப்பழத்தின் டெஸ்க்டாப் ஒரு மரப்பெட்டியில் அவன் மேசைக்கு வந்தது. விசைப்பலகையின் இடுக்குகளில் சாம்பல் நிறத்தில் நிலாத் தூசு. அதிலிருக்கும் கணக்குகளைப் புதிய சர்வருக்கு மாற்றிவிட்டு இயந்திரத்தைக் கழித்துக்கட்டும்படி உத்தரவு. இடையில் ஒரு மீட்டர் ஒயர். மொத்தக் கணக்கையும் மாற்றக் கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது.

அவன் தசராவுக்கு நடுவே வந்த அந்த ஒரு வாரத்தை மட்டும் தனியாக எடுத்துவைத்தான். மற்றதெல்லாம் கண் சிமிட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தது. பிறகு பழைய நிரலைத் தேடி எடுத்து அந்த ஒரு வாரத்தை ஓட்டிப்பார்த்தான். வரி வரியாகத்தான் வந்தது, ஆனால் கண்ணுக்குப் பிடிபடாத வேகம். நிலா இப்போது மேசைமேலேயே இருந்தது. நிறுத்தினான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் புதிதாக ஒரு கட்டளையைச் சேர்த்தான். இரண்டு புள்ளி ஆறு வினாடி காத்திரு.

காலை ஒன்பது மணிக்கு முதல் வரி வந்தது. சட்டை 1, காற்று சரி. அவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, பிளாஸ்க்கைத் திறந்து சுக்குக் காப்பியை ஊற்றிக்கொண்டான். உதடு அசைந்ததை அவன் கவனிக்கவில்லை.

ஐந்தரை மணிக்கு முடிந்ததும் படிவத்தை நிரப்பினான். இறக்குமதியான வரிகள், தொடங்கிய நேரம், முடிந்த நேரம். கடைசியில் ஒரு கட்டம், கூடுதல் நேரம் ஆனதற்கான காரணம். பேனாவை அதன்மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். பிறகு அதைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டான்.